பரம்பரையில் வருவது எது?

நார்வே நாட்டின் மேற்குக் கரையிலுள்ள ஹோர்டலான்ட் பகுதியை ஆண்டதாகச் சொல்லப்படும் ஆல்ரெக் என்னும் அரசனுக்கு மனைவியர் இருவர். அவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாததைக் கண்டு சலித்த அரசன், தான் போரிலிருந்து திரும்பும்போது எவள் காய்ச்சிய பீர் சிறந்திருக்கிறதோ அவளே அரண்மனையில் இருக்கலாம், மற்றவள் வெளியேறவேண்டியதுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான் என்றும், மூத்தவளான சிக்னி பிரேயா என்னும் தேவியை வேண்டிக்கொண்டாள், இளையவளான கெய்ர்ஹில்ட் ஓடின் என்னும் தேவனை வேண்டிக்கொண்டாள் என்றும், ஓடின் தன் எச்சிலையே ஈஸ்ட்டாகத் தந்து, அதற்கு ஈடாக அவளுக்கும் தொட்டிக்கும் நடுவில் இருப்பதைக் கேட்டான் என்றும், அவள் யோசியாமல் இசைந்துவிட்டாள் என்றும் 'ஹால்ப் சாகா' என்னும் பழங்கதை கூறுகிறது. அவளுக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்தது அவள் வயிற்றிலிருந்த குழந்தை. பீர் என்னவோ நன்றாகவே அமைந்தது. போட்டியிலும் அவளே வென்றாள்.

இக்கதையை அநாகரிகர்களின் கற்பனை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் இதனுள் கூர்மையான ஓர் அவதானிப்பு இருக்கிறது. பார்லி அவள் வயலில் விளைந்தது. நீர் அவள் ஊர் ஓடையில் ஓடியது. நெருப்பு அவள் மூட்டியது. ஆனால் இனிப்பான அந்தச் சாற்றைப் பொங்கி நுரைக்கச் செய்யும் பொருள் மட்டும் அவளுடையதாக இல்லை. அது வேறோரிடத்திலிருந்து வரவேண்டியிருந்தது. வரும்போதே தன்னோடு ஒரு கடனையும் கொண்டுவந்தது. ஈஸ்ட் ஓர் உயிர் என்பதை 1837-ஆம் ஆண்டளவில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே ஆராய்ந்து சொன்னார்கள். அதற்குப் பின்னும் லீபிக் போன்ற பெரிய ரசாயன அறிஞர்கள் பல ஆண்டுகள் அதனை ஏற்க மறுத்தார்கள். அவர்கள் அறிந்துகொள்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, மனிதன் செய்யாததும், மனிதன் கையில் தரப்பட்டதும் அதுவே என்பதை அந்தக் கதை சொன்னவன் அறிந்திருந்தான்.

கிறிஸ்தவ மதம் அந்நாட்டிற்கு வந்த பின்னும் இக்கடன் ரத்தாகவில்லை. கடன் கொடுத்தவர்தாம் மாறினார். மேற்கு நார்வேயில் வழங்கிய குலாதிங் சட்டம் என்னும் நடுக்காலச் சட்டத்தொகுதி, குடியானவர்கள் குறைந்தது மூன்று குடும்பமாகக் கூடிப் பண்டிகைக்கு பீர் காய்ச்ச வேண்டும், கிறிஸ்துமஸ் இரவில் அதனைக் கிறிஸ்துவுக்கும் புனித மரியாளுக்கும் நன்றியாக, நல்விளைவும் அமைதியும் வேண்டி ஆசீர்வதிக்க வேண்டும் என்று விதித்தது, தவறியவனுக்கு அபராதம், மூன்றாண்டு தொடர்ந்து தவறியவன் சொத்தெல்லாம் பறிமுதல், அதில் அரசனுக்குப் பாதி, ஆயருக்குப் பாதி. காய்ச்சிக் குடித்தால் சிறை என்ற சட்டங்களையே பார்த்துப் பழகிய நமக்கு, காய்ச்சாவிட்டால் ஆஸ்தி போகும் என்ற சட்டம் வேடிக்கையாகத்தான் இருக்கும். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த ஆசிரியனின் மொழியில் இதை எழுதுகிறேன் என்பதை மறந்தேனல்லேன். குடியின் பெருமையைப் பேசுவதும் என் நோக்கமன்று. ஒரு தத்துவக் கேள்வி எந்தக் கூடத்தில் எழுகிறதோ அந்தக் கூடத்தில் வைத்துத்தான் அதனை ஆராயவேண்டும். இக்கேள்வி எழுவது பீர் காய்ச்சும் கூடத்தில்.

ஹோர்டலான்டின் உட்பகுதியில், மலைகளுக்கும் ஏரிக்கும் நடுவே, வொஸ் என்னும் ஊர் இருக்கிறது. அங்கும், ஹார்டாங்கர், ஹோர்னின்டால் முதலிய பிற மேற்கு நார்வேப் பகுதிகளிலும் உள்ள பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டுவரும் ஈஸ்ட்டுக்கு க்வைக் என்று பெயர். சிறுசிறு மரத்துண்டுகளைச் செதுக்கிக் கோத்து ஒரு வளையமாகச் செய்து, அதனை நுரைத்துக்கொண்டிருக்கும் தொட்டியில் அமிழ்த்தி எடுப்பார்கள். மரத்துண்டுகளின் இடுக்குகளிலெல்லாம் ஈஸ்ட் கூழ்போல் அப்பிக்கொண்டு வரும். அப்படியே கூரையடியில் தொங்கவிட்டு உலரவைத்தால், மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில்கூட, அது அப்படியே இருக்கும். துளைகள் இட்ட மரக்கட்டையும், வைக்கோல் வளையமும், துணியும் இதற்குப் பயன்பட்டன. இக்காலத்தில் ரொட்டி சுடும் தாளில் பரப்பி உலர்த்திச் செதில்களாக எடுத்துவைக்கிறார்கள். அடுத்த முறை காய்ச்சும்போது ஜூனிப்பர் கிளைகளை ஊறவைத்த வெந்நீரில், முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டைக் கரைத்து, வடித்து, செப்புக் கொப்பரையில் நெடுநேரம் கொதிக்கவைத்து ஆற்றிய சாற்றில் அந்த உலர்ந்த வளையம் இறங்கும். சாறு எவ்வளவு ஆறவேண்டும் என்றால், கறந்த பாலின் சூடு என்பதுதான் அவ்வூர்க்காரர்கள் பழைய நாளில் சொன்ன அளவு. ஏறக்குறைய 40 பாகை. ஏல் என்னும் பீர் வகைக்கு இடும் சாதாரண ஈஸ்ட் 20 பாகையை ஒட்டிய சூட்டில் வேலை செய்வது. 40 பாகையில் அதனை இட்டால் வாயில் வைக்க முடியாத பானமே கிடைக்கும். க்வைக்கோ அந்தச் சூட்டில்தான் சுறுசுறுப்படைந்து, இரண்டு மூன்று நாளில் காரியத்தை முடித்துவிடுகிறது.

ஈஸ்ட்டை இடும் நேரத்தில் தொட்டிக்குள் குனிந்து உரக்கக் கூவவேண்டும் என்றொரு வழக்கம் நார்வேயின் பல இடங்களில் இருந்தது. எவ்வளவு உரக்கக் கூவினானோ அவ்வளவு வீரியம் பீருக்கு வரும் என்றனர் சிலர். தீய சக்திகள் விலகும் என்றனர் சிலர். தொட்டியில் இரும்பை வைப்பதும், சிலுவைக் குறி இடுவதும் உண்டு. நொதித்தல் முடிந்து பீரைத் தொட்டியிலிருந்து இறக்கும் நாளுக்கு ஒப்ஸ்கோகெ என்று பெயர். அண்டை வீட்டார் கூடிவந்து சுவைபார்த்து, குற்றம் குறை பேசி, உண்டு களிக்கும் நாள் அது. தங்கள் வீட்டு க்வைக் சரியில்லாதவர்கள் கேட்டு வாங்கிப்போகவும் அத்தகைய நாள் உதவியிருக்கும். 1950-களில் நார்வே முழுவதும் அனுப்பப்பட்ட நாட்டுவழக்குக் கேள்வித்தாள்களுக்குக் கிராமத்து முதியவர்கள் எழுதிய பதில்களை ஆராய்ந்து ஆட் நூர்லான்ட் என்பவர் 1969-இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வழக்கங்கள் விரிவாகப் பதிவாகியிருக்கின்றன. அவற்றுள் என் கருத்தைக் கவர்ந்தது ஒன்று: தன் வீட்டு க்வைக் புளித்துக் கெட்டுவிட்டால் குடியானவன் தயங்காமல் அடுத்த பண்ணைக்குப் போய்க் கேட்டு வாங்கிவந்தான். வாங்கிவந்ததைத் தன் வளையத்தில் ஏற்றி, சில முறை காய்ச்சிய பின், அது பழையபடியே தன் வீட்டு க்வைக் ஆகிவிட்டது. எவ்வளவு பழையது என்று கேட்டவனிடம், என் தாத்தாவுக்கு முந்தியிலிருந்தே எங்களிடம் இருப்பது என்று சொல்வதற்கும் அவனுக்குக் கூச்சமில்லை.

அவன் சொல்வது மெய்யா, பொய்யா? இதுவே என் கேள்வி. உறைமோர் தீர்ந்த வீட்டுக்காரி அடுத்த வீட்டில் ஒரு கரண்டி வாங்கிவந்து, மறுநாள் காலையில் 'எங்கள் வீட்டுத் தயிர்' என்று பரிமாறுவதைப் போன்ற சாமானிய விஷயமாக இது தோன்றலாம். ஆனால் இதே பாலையும் தயிரையும் வைத்துத்தான் பாரத தேசத்துத் தத்துவ ஞானிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதாடியிருக்கிறார்கள்.

முதலில் அந்த நுண்ணுயிரையே சற்று நெருங்கிப் பார்ப்போம். ஈஸ்ட் செல் இரண்டாகப் பிளந்து பெருகுவதில்லை. அதன் உடலில் ஓரிடம் மொட்டுப்போல் புடைத்து, வளர்ந்து, தனியே பிரிந்துவிடுகிறது. பிரிந்த இடத்தில் தாயின் மேல் வட்டமான ஒரு வடு நிற்கும். தகுந்த சாயமிட்டு உருப்பெருக்கியில் பார்த்தால் அவ்வடுக்களை எண்ணிவிடலாம். எத்தனை வடுவோ அத்தனை குழந்தை. ஏறக்குறைய இருபது முப்பது குழந்தைகளுக்குப் பின் தாய் ஓய்ந்துவிடுகிறது. ஆகவே தாத்தா காலத்துச் செல் எதுவும் இன்றைய வளையத்தில் இல்லை. அவை எப்பொழுதோ மாய்ந்தன. அதுவுமன்றி, ஒரு வளையத்தில் இருப்பது ஒரே குலத்துச் செல்களும் அல்ல; தம்முள் வேறுபட்ட பல வகைகள் ஒன்றாகக் குடியிருக்கின்றன; சில பண்ணைகளின் க்வைக்கில் பாக்டீரியாக்களும் உண்டு. ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் இவற்றின் விகிதம் சிறிது மாறுகிறது. பொருளும் மாறிவிட்டது, கலவையின் அளவும் மாறிவிட்டது என்றால், 'அதுவே இது' என்ற சொல்லுக்கு ஆதாரம் எங்கே?

மிலிந்தன் என்னும் யவன அரசன் நாகசேனரிடம் கேட்ட கேள்விகளுள் இதுவும் ஒன்று: பிறந்தவனும் வளர்ந்தவனும் ஒருவனா, வேறா? அதுவும் அன்று, வேறும் அன்று என்று விடையளித்த அப்பெரியார், பால் தயிராகி, வெண்ணெயாகி, நெய்யாவதை எடுத்துக்காட்டினார். கணந்தோறும் பொருள் அழிகிறது. அழிவதன் வழியே அடுத்தது தோன்றுகிறது. தொடர்ந்து வருவது சந்தானம் என்னும் ஓட்டம் ஒன்றே என்பது பௌத்தர் கொள்கை. நம் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் இக்கொள்கையை எடுத்து மறுக்கிறார். நிலைத்த ஒன்று இல்லையேல் வினைசெய்தவன் ஒருவனாகவும் பயன் நுகர்பவன் வேறொருவனாகவும் ஆகிவிடாதோ, அது நியாயமாகுமோ என்பது அவ்வகை மறுப்புகளின் உயிர்நாடி. உயிரைப் பற்றிய அளவில் எவர் பக்கம் நீதி இருக்கிறது என்று தீர்ப்பளிக்க எனக்குத் தகுதியில்லை. க்வைக்கைப் பற்றியவரை, பௌத்தர் சொல்வது பெரும்பாலும் பொருந்துகிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் முற்றும் பொருந்தவில்லை. சந்தானம் என்பது அறாத ஓட்டம். குடியானவன் வீட்டில் அந்த ஓட்டம் அறுந்துவிட்டது. பழைய வளையத்தில் இருந்தவை செத்தேபோயின. அறுந்த பின்னும் அவன் 'எங்களுடையது' என்கிறான். பௌத்தர் இதற்கு உடன்படமாட்டார்.

அப்படியானால் பேணும் வழக்கத்தில்தான் தொடர்ச்சி இருக்கிறது, பேணப்படும் பொருள் எதுவானாலும் சரி என்று சொல்லிவிடலாமா? அதுவும் இயலாது என்பதற்கு நார்வேயிலேயே சான்று இருக்கிறது. வொஸ்ஸுக்கு வெகுதூரம் வடக்கே, த்ரொன்ஹைம் நகருக்கு அருகிலுள்ள ஸ்தியோர்டால் பகுதியில் வீட்டுப் பீர் காய்ச்சும் மரபு இன்றும் உயிரோடிருக்கிறது. அங்குள்ளவர்கள் பார்லியைத் தாங்களே முளைகட்டி, அதற்கென்று கட்டிய சிறு கொட்டகைகளில் புகையிட்டு உலர்த்துகிறார்கள். மால்ட்டைப் பொறுத்தவரை அவர்களைப்போல் மரபைக் காத்தவர் அருமை. ஆனால் தங்கள் பழைய ஈஸ்ட்டை அவர்கள் எப்பொழுதோ கைவிட்டுவிட்டார்கள்; கடையில் விற்கும் ரொட்டி ஈஸ்ட்டே பெரும்பாலோர் தொட்டியில் இறங்குகிறது. வழக்கம் முழுதும் இருக்கிறது, க்வைக் இல்லை. இருப்பதாக அவர்களும் சொல்வதில்லை. பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்தது நம்முடையதாகிவிட, கடையிலிருந்து வந்தது எத்தனை ஆண்டு காய்ச்சினாலும் நம்முடையது ஆகாததன் மர்மம் என்ன?

என் சிந்தனைக்கு எட்டியவரை மர்மம் கடனில் இருக்கிறது. பிறந்தவன் ஒவ்வொருவனும் தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பிதிரர்க்கும் கடன்பட்டவனாகவே பிறக்கிறான் என்று வேதம் கூறும். அக்கடனை அடைப்பதற்கு அது காட்டும் வழிகளோ யாகம் செய்வது, ஓதுவது, சந்ததியைத் தருவது என்பனவே. அதாவது, வாங்கியவருக்குத் திருப்பித் தருவதைக் காட்டிலும் பெற்றதைத் தொடரச் செய்வதே ரிணநிவர்த்தி. பக்கத்துப் பண்ணையிலிருந்து குடியானவன் இன்று வாங்கிவரும் க்வைக், அவன் பாட்டனிடமிருந்து அப்பண்ணைக்காரனின் பாட்டன் ஒரு காலத்தில் வாங்கிப்போனதாக இருக்கலாம். அல்லது இருவர் பாட்டன்மாரும் மூன்றாவது வீட்டிலிருந்து வாங்கியிருக்கலாம். எப்படியாயினும் அந்த ஊரில் அது ஒரே கடனாகச் சுற்றிவருகிறது. வளையம் அவன் வீட்டில் தொங்கினாலும், க்வைக் அந்த வளையத்துக்கு உரியதன்று, ஊருக்கு உரியது. ஒரு வீட்டில் செத்தபோது அது அழியவில்லை, அடுத்த வீட்டில் இருந்தது. கடையில் வாங்கியதற்கோ விலை கொடுத்தாயிற்று; விலை கொடுத்த கணத்தில் கணக்குத் தீர்ந்துவிட்டது; யாரும் யாருக்கும் கடன்பட்டவரல்லர். ஆகவே அங்கே தொடர்வதற்கும் எதுவுமில்லை.

இதற்கு நேர் எதிரான இலட்சியத்தைக் கொண்டவர் கோபன்ஹேகன் நகரத்து எமில் கிறிஸ்தியன் ஹான்சன். அவரை இழித்துப் பேசுவது நன்றியற்ற செயலாகும். கார்ல்ஸ்பெர்க் ஆலையை 1847-இல் தொடங்கிய யாக்கோப்சன், அதற்கு இரண்டாண்டு முன்பு மியூனிக் நகரத்து ஸ்பாட்டன் ஆலைக்குச் சென்று ஈஸ்ட் பெற்று, தகரக் குவளைகளில் இட்டுத் தொப்பிப் பெட்டியில் வைத்து, குதிரை வண்டி நின்ற இடந்தோறும் இறங்கிக் குளிர்ந்த நீரை ஊற்றி ஊற்றிக் கொண்டுவந்து சேர்த்தாராம். ஒரு குழந்தையைக்கூட அவ்வளவு கவலையோடு யாரும் கொண்டுவந்திருக்கமாட்டார்கள். பின்னாளில் அவ்வாலையின் பீர் கெடத் தொடங்கியபோது, ஆய்வுக்கூடத்திலிருந்த ஹான்சன், நல்ல ஈஸ்ட்டோடு வேண்டாத ஈஸ்ட் வகைகள் கலந்திருப்பதே நோய்க்குக் காரணம் என்று கண்டு, கலவையிலிருந்து ஒற்றைச் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து மட்டும் ஒரு குலத்தையே வளர்த்து, 1883-இல் அதனை ஆலையில் ஏற்றினார். பீர் தேறியது. காப்புரிமை கேட்டுச் செல்வம் சேர்த்திருக்கக்கூடிய அந்தப் பொருளை யாக்கோப்சன் கேட்ட ஆலைகளுக்கெல்லாம் இனாமாகவே கொடுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். பரிசுத்த ஈஸ்ட்டும் உலகில் கடனாகத்தான் பரவியது.

ஆயினும் அந்த முறையில் ஓர் ஆசை மறைந்திருக்கிறது. ஒன்றிலிருந்து மட்டும் பிறந்தது, பிறிதொன்று தீண்டாதது, என்றும் மாறாதது என்ற ஆசை அது. பரிசுத்தம் என்ற பெயரால் நம் தேசம் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அவ்வாசையைச் சற்று ஐயத்தோடுதான் நோக்குவார்கள். கார்ல்ஸ்பெர்க்கிலேயே பணியாற்றிய கிளாவுசன் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுசொன்ன செய்தி இங்கே நினைக்கத்தக்கது: இங்கிலாந்தின் பழைய, நாட்பட்ட பீர்களுக்குரிய தனி மணத்தைத் தருவது, பரிசுத்தவாதிகள் அசுத்தம் என்று துரத்திய இன்னோர் ஈஸ்ட் வகையே; அது இல்லாமல் அந்தப் பீர் அந்தப் பீராகாது. பிரெட்டனோமைசிஸ் என்று அதற்குப் பெயரிட்டார். பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றிய பகுதியில் காய்ச்சும் லாம்பிக் என்னும் பீரில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல உயிர்கள் வந்து வேலைசெய்து போகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து இதுதான் லாம்பிக் என்று காட்டுவார் யாருமில்லை.

கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தார் 1883-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு புட்டியின் அடியில் உயிரோடிருந்த செல்களைக் கண்டெடுத்து, அவற்றைக் கொண்டு 2016-இல் பீர் காய்ச்சினார்கள். பொருளின் தொடர்ச்சிக்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைக்காது. அதே குலம், நடுவில் யார் கையும் படாமல், நூற்றுமுப்பது ஆண்டு இருட்டில் கிடந்தது. வியப்புக்குரியதுதான். ஆனால் அதனைப் பரம்பரை என்று சொல்ல நாக்கு எழவில்லை. யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. மறந்துபோனார்கள், கண்டெடுத்தார்கள், அவ்வளவே. புதையலைப் பிதுரார்ஜிதம் என்று யாரும் சொல்வதில்லை.

பேணுபவனின் கை பொருளின்மேல் வெறும் பழக்கமாகத் தங்கிவிடாமல் பொருளுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது என்பதையும் இப்போது விஞ்ஞானம் காட்டியிருக்கிறது. 2018-இல் கனடாவிலிருந்து பிரைஸ் முதலானோர் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது க்வைக்குகளிலிருந்து 25 ஈஸ்ட் வகைகளைப் பிரித்து அவற்றின் மரபணுக்களை ஆராய்ந்து, அவை உலகின் மற்ற பீர் ஈஸ்ட்களிலிருந்து தனித்துநிற்கும் ஒரு குடும்பம் என்று கண்டார்கள்; கலப்பில் பிறந்த குடும்பம் அது என்பதற்கும் அடையாளங்கள் இருந்தன. காட்டு ஈஸ்ட்கள் பீரில் கிராம்பைப் போன்ற ஒரு காரநெடியை உண்டாக்கும். க்வைக்குகளில் பெரும்பாலானவற்றில் அத்திறன் அழிந்திருக்கிறது. அழித்தது யார்? எந்தத் தொட்டியில் அந்த நெடி வரவில்லையோ அதிலிருந்து வளையத்தை நனைத்து எடுத்துவைத்த, எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லாத, தலைமுறை தலைமுறையான குடியானவர்களின் நாக்குத்தான். சூட்டைத் தாங்குவதும், உலர்ந்து கிடந்து உயிர்ப்பதும் அப்படியே. கறந்த பாலின் சூட்டில் இட்டவர்களும், வளையத்தை உலர்த்திக் காத்தவர்களும் செய்த வினையின் பயன். வினை செய்தவர்கள் மாய்ந்தார்கள்; அவர்களைத் தெரியாத உயிரில் அவர்கள் செய்த வினை தங்கியிருக்கிறது. இதனை முன்வைத்து அருணந்தியாரின் மறுப்பையும் நாகசேனரின் விடையையும் மீண்டும் ஒருமுறை படிக்கலாம் என்று தோன்றுகிறது.

இப்போது வேறொரு சிக்கல் பிறந்திருக்கிறது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் பீர் காய்ச்சுவோரிடையே க்வைக் பெருத்த மோஸ்தராகிவிட்டது. ஈஸ்ட் விற்கும் நிறுவனங்கள் வொஸ் என்றும் ஹோர்னின்டால் என்றும் பெயரிட்டு, கலவையிலிருந்து பிரித்த ஒற்றை வகையைச் சிறு பொட்டலத்தில் விற்கின்றன. அதனை வாங்கியவன் வொஸ் க்வைக்கை வைத்திருக்கிறானா? பொருளைப் பார்த்தால், வொஸ்ஸில் தொங்கும் வளையத்தின் ஓர் உறுப்பினன் அவனிடம் இருக்கிறான் என்பதில் ஐயமில்லை; ஊரைவிட்டுத் தனியே வந்த ஒருவனை ஊர் என்று சொல்லலாமானால் அதனை க்வைக் என்றும் சொல்லலாம். விலை கொடுத்து வாங்கியது என்பதால் அதற்குக் கதியே இல்லை என்றும் நான் சொல்லத் துணியேன். வாங்கியவன் ஒருமுறை காய்ச்சிவிட்டு வடிகாலில் ஊற்றிவிட்டால் அதோடு முடிந்தது. அவ்வாறன்றி அடியில் தங்கியதை எடுத்து உலர்த்தி, அதில் வந்து சேரும் வேறு உயிர்களுக்கும் இடங்கொடுத்து, சுவை கெடாதபடி கண்காணித்து, கேட்ட நண்பனுக்கு ஒரு பிடி கொடுத்து, தன்னுடையது கெட்டால் அவனிடமே போய்க் கேட்டு வாங்குவானானால், எத்தனை தலைமுறைக்குப் பின் என்று சொல்லமுடியாவிட்டாலும், அங்கே ஒரு புதிய கடன் தொடங்கிவிட்டது என்றே கருதவேண்டும். வொஸ்ஸிலும் என்றோ ஒரு நாள் அப்படித்தானே தொடங்கியிருக்கும்.

நார்வேயைச் சேர்ந்த லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் என்பவர் இப்பண்ணை ஈஸ்ட்களையெல்லாம் தேடித் திரட்டி, சிலவற்றை இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள தேசிய ஈஸ்ட் சேமிப்பகத்துக்கும் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். அதில் எந்த ஈஸ்ட்டையும் செல்லின் அமைப்பை மட்டும் கொண்டு அவர் குறிப்பதில்லை. எந்த ஊர், யார் கொடுத்தது, சாற்றில் இடும் சூடு எவ்வளவு, திரட்டி எடுப்பது மேலே மிதப்பதையா அடியில் தங்குவதையா என்பவையும் அப்பதிவேட்டில் இடம்பெறுகின்றன. பாக்டீரியா கலந்திருந்தால் அதுவும் குறிக்கப்படுகிறது, கழிக்கப்படுவதில்லை.